எழுவான்கரையிலிருந்து குமுக்கன் ஆறு வரை

மட்டக்களப்பு மக்கள் தம் நாட்டை வாவியை நடுவில் வைத்து இரு கூறாகப் பிரித்துப் பேசுவர். வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கிழக்குப் புறம் எழுவான்கரை; வயல்கள் பரந்து கிடக்கும் மேற்குப் புறம் படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்திற்குப் பெயரிட்ட இம்மக்களுக்குத் தெற்குத் திசை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கதிர்காமம். மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஆனி ஆடி மாதங்களில் அடியார்கள் இக்கடற்கரையோரமாக நடந்து சென்றனர். இன்று நாம் வாகனத்தில் விரைந்து செல்லும் வீதி பெரும்பாலும் அவர்கள் நடந்த தடத்தை ஒட்டியே செல்கின்றது.

அந்த வீதியில் ஒரு பகல் முழுவதும் காணத்தக்கனவற்றைக் கண்டு, இரவு ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்குவதென நண்பர் ஒருவர் குடும்பத்துடன் திட்டமிட்டபோது என்னையும் அழைத்தார். நண்பர், அவர் மனைவி, பள்ளியிற் படிக்கும் மகனும் மகளும், நான் ஆகிய ஐவரோடு ஆறாமவராக நண்பரின் மாமனாரும் வந்தார். எழுபது வயதைக் கடந்த அப்பெரியவர் ஐந்து முறை கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்றவர். முதன்முறை சென்றபோது அவருக்கு வயது பன்னிரண்டு. பிள்ளைகள் அவரை ‘அம்மப்பா’ என்றே அழைத்தனர். அன்று மாலைக்குள் நாங்கள் எல்லோருமே அவ்வாறு அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

விடியற்காலைப் பயணம்

அதிகாலை ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். 1924 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும், 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. நிலவு காயும் இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் பாடும் மீன்களின் ஒலியைக் கேட்கப் படகேறி இப்பாலத்தடிக்கு வருவோர் பலர். அப்பால் கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளார் துயிலுமிடம் உள்ளது. கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த அடிகளார், தம் ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் பிறந்த ஊரும் துயிலுமிடமும் இந்த ஒரே வீதியில் அமைந்திருப்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

நாங்கள் சென்ற வீதி ஏ-4 எனப்படுவது. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடியும் இவ்வீதியின் நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர். அதன் கடைசி 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பகுதியை நாங்கள் தலைகீழாக, வடக்கிலிருந்து தெற்காகக் கடந்தோம். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் நூலிற் கோத்த மணிகள் போல் வந்தன. ஓர் ஊரில் கோயில் மணி ஒலித்தது. அடுத்த ஊரில் பள்ளிவாசலின் பாங்கொலி அடங்கிக் கொண்டிருந்தது.

இவ்வூர்கள் எல்லாவற்றிலும் 2004 மார்கழி 26 ஆம் நாளின் நினைவுச் சின்னங்களைக் காணலாம். அன்று எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. வீதியிலிருந்து பார்க்கும்போது கடல் அமைதியாக, பாலைப்போல் வெளிறிக் கிடந்தது. நண்பரின் மகள், “இந்தக் கடலா அப்படிச் செய்தது?” என்று கேட்டாள். அதற்கு எவரும் விடை சொல்லவில்லை.

திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்குச் சென்று வழிபட்டோம். கடற்கரையிலேயே அமைந்த இத்தலத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பெரும் சிறப்பானது. கோயிலின் வெளிவீதியில் காவியுடுத்த முதியோர் சிலர் மூட்டைகளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு நடந்து வருவோர் அவர்கள். ஏறக்குறைய ஒன்றரை மாத நடையில் பெரும்பகுதியை முடித்திருந்தனர். பெரியவர் அவர்களிடம் சென்று, “எந்த ஊர் சாமி?” என்று கேட்டார். யாத்திரையில் ஆண், பெண், சிறுவர், முதியோர் எவராயினும் அழைக்கும் பெயர் ‘சாமி’ ஒன்றே.

கிழக்கு முனையும் அறுகம் குடாவும்

கோமாரியை அண்டிய சங்கமன்கண்டி முனைதான் இலங்கைத் தீவின் கிழக்கு எல்லை. பூகோளப் புத்தகத்தில் வடக்கே பருத்தித்துறை முனையையும் தெற்கே தெய்வேந்திர முனையையும் படிக்கும் மாணவர்கள் கிழக்கு முனையை அவ்வளவாக அறிவதில்லை. நண்பரின் மகன் வரைபடத்தை மடியில் விரித்து வைத்து, “இதற்கு அப்பால் நமக்கு நிலமே இல்லை” என்று அறிவித்தான்.

காலை ஒன்பது மணிக்குப் பொத்துவிலை அடைந்தோம். இடியப்பமும் சம்பலும் உண்டபின் முகுது மகா விகாரையைக் காணச் சென்றோம். கடற்கரை மணல்மேடுகளின் நடுவே கற்றூண்களும் புத்தர் சிலையும் போதிசத்துவர் சிலைகளும் நிற்கின்றன. காற்று மணலை ஒரு பக்கம் அள்ளிக் கொட்டுவதும் மறுபக்கம் வாரிச் செல்லுவதுமாய் இருக்கின்றது. காற்றும் மணலும் இவ்வாறு நடத்தும் விளையாட்டில் எத்தனை கட்டடங்கள் மறைந்து கிடக்கின்றனவோ என்னும் எண்ணம் எழாமற் போகாது.

பொத்துவிலுக்குத் தெற்கே களப்பின் முகத்தைக் கடந்தால் அறுகம் குடா. முன்பிருந்த பாலம் ஆழிப்பேரலையில் சிதைந்தது; இப்போதுள்ள பாலம் 2008 இல் திறக்கப்பட்டது. கரைவலை இழுக்கும் மீனவரும் அலைச்சறுக்கு விளையாடும் வெளிநாட்டாரும் ஒரே கரையைப் பகிர்ந்து கொள்கின்றனர். சித்திரைக்குப் பின் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும், முனையைச் சுற்றி வரும் அலைகள் ஒழுங்காகவும் நீளமாகவும் உருண்டு வருவதாலேயே உலகின் பல பாகங்களிலிருந்தும் சறுக்குவோர் இங்கு வருகின்றனர். பிள்ளைகள் அங்கேயே கூடாரமிட விரும்பினர். பெரியவர் சிரித்துக் கொண்டே, “இது நாலு பேர் தங்கும் ஊர், பிள்ளை. நாம் போவது எவரும் தங்காத இடத்துக்கு” என்றார்.

பாணமை

அறுகம் குடாவுக்கு அப்பால் வீடுகள் குறைந்து பற்றைக்காடும் களப்பும் மாறி மாறி வருகின்றன. களப்பு நீரில் எருமைகள் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தன. சில எருமைகளின் முதுகில் கொக்குகள் நின்றன. சிறிது தூரத்தில் பாணமை.

பாணமை தனிச் சிறப்புடைய ஊர். சிங்களவரும் தமிழரும் நெடுங்காலமாக மணவுறவு கொண்டு ஒன்றாய் வாழ்ந்து வந்த கிராமம் அது. இரு மொழியும் பேசும் முதியோரை அங்கு எளிதிற் காணலாம். தமிழர் கண்ணகி என வணங்கும் தெய்வத்தைச் சிங்களவர் பத்தினி என வணங்குவர். மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு கொம்புமுறி விளையாட்டு நடப்பது போலப் பாணமையில் பத்தினி தேவாலயத்தில் ‘அங்கெலிய’ நடைபெறும். இரண்டும் ஒன்றே. இரு கட்சியாராகப் பிரிந்து, இரண்டு கொம்புகளைக் கோத்து இழுத்து, எந்தக் கொம்பு முறிகின்றதென்று பார்ப்பர். தேநீர்க் கடையிலிருந்த முதியவர் ஒருவர் எம் பெரியவருடன் தமிழில் பேசத் தொடங்கி, பாதியில் சிங்களத்துக்கு மாறி, மீண்டும் தமிழுக்கு வந்தார். அம்மாற்றத்தை அவர் தாமே உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பாணமையைத் தாண்டியதும் வண்டிக்குப் பின்னால் செம்மண் புழுதி எழுந்தது. வலப்புறம் தொலைவில் குடும்பிகலையின் பாறைகள் தெரிந்தன. பிராமி எழுத்துச் சாசனங்கள் பொறித்த குகைகளும் உருளை வடிவமான தாதுகோபமும் உள்ள பழைய தவநிலையம் அது. துறவிகள் உறையும் இடமாதலின் பிள்ளைகள் குரல் தாழ்த்தி நடந்தனர். பாறையின் உச்சியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல், இடையில் ஒரு கோடாக எங்கள் பாதை.

உகந்தை

பிற்பகல் இரண்டு மணிக்கு உகந்தையை அடைந்தோம். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கிய கரை இதுவென்பது ஐதீகம். கோயிலை அடுத்த குன்றின்மேல் வள்ளியம்மன் சந்நிதி. பாறைக் குழிகளில் மழைநீர் தங்கும் சுனைகள். கடற்கரையிலே மீனவரின் வாடிகள். மரங்களின் நிழலெங்கும் அடியார்கள். காட்டு வழி திறக்கும் நாளை எதிர்பார்த்து அவர்கள் தங்கியிருந்தனர். உகந்தைக்கு அப்பால் வனவிலங்குப் பூங்கா. ஆண்டுக்கு ஒருமுறை, கதிர்காமத் திருவிழாவை ஒட்டிய குறித்த நாட்களில் மட்டுமே கால்நடையாகச் செல்வதற்கு அதன் வழி திறந்து விடப்படும்.

அந்த மரநிழலில் ஓர் ஒழுங்கைக் கண்டேன. அடுப்புக் கற்கள் ஓர் ஓரம்; விறகு ஓர் ஓரம்; உண்ட இலைகள் ஒரு குழியில். ஒவ்வொருவரின் உடைமையும் ஒரு மூட்டைக்குள் அடங்கியிருந்தது. பல நூறு பேர் தங்கிய இடம் ஒரு வீட்டு முற்றம்போற் கூட்டப்பட்டிருந்தது. “தலையிற் சுமக்கிறவனுக்குத்தான் பொருளின் பாரம் தெரியும்” என்றார் பெரியவர். நானோ எங்கள் ஜீப் வண்டியின் பின்புறத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஓர் இரவுக்காக நாங்கள் ஏற்றி வந்த பெட்டிகளும் போத்தல்களும் கூரைவரை அடுக்கியிருந்தன.

பறவைகளின் ஊர்

உகந்தை வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டி, வனசீவராசிகள் திணைக்களத்து வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு பூங்காவினுள் நுழைந்தோம். கூமுனை என்று நம்மவர் பழைய வழக்கிற் கூறும் குமணை, 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 1970 இல் யால கிழக்கு என்னும் பெயரில் தேசிய பூங்காவாகி, 2006 இல் குமண தேசிய பூங்கா எனப் பெயர் பெற்றது. இதன் பரப்பு ஏறக்குறைய 35,600 ஹெக்டயர். இங்குள்ள ஈரநிலங்கள் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த றம்சார் நிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டன. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் பெரியவர் இப்பக்கம் வரவில்லை.

குமண வில்லு 200 ஹெக்டயர் அளவான சதுப்பு நீர்நிலை. குமுக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய கால்வாய் ஒன்றின் வழியாக நீர் வந்து சேரும். சிற்சில வேளைகளில் கடல்நீரும் உட்புகும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அவ்விடத்திற் கண்டல் மரங்கள் அடர்ந்துள்ளன. வைகாசி, ஆனி மாதங்களில் கூழைக்கடா, நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு ஆகியன அம்மரங்களிற் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் மேற்கிளையில் ஓர் இனமும் கீழ்க்கிளையில் வேறோர் இனமும் குடியிருப்பதைக் கண்டோம். குஞ்சுகளின் ஓயாத இரைச்சல் சந்தைக் கூச்சல் போலிருந்தது. அலகினுள் தலையை நுழைத்துத் தாய் கொணர்ந்த மீனை இழுக்கும் கூழைக்கடாக் குஞ்சைக் கண்டு பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். வழிகாட்டி உதட்டில் விரலை வைத்தார். மிரண்ட தாய்ப்பறவை கூட்டை விட்டெழுந்தால், அந்தச் சில நிமிடங்களுக்குள் காகமோ பருந்தோ முட்டையைக் கொண்டுபோய்விடும் என்று அவர் விளக்கினார்.

ஆற்றங்கரை இரவு

பூங்காவின் தெற்கெல்லை குமுக்கன் ஆறு. மருதமரத்தைச் சிங்களத்தில் ‘கும்புக்’ என்பர். அந்த மருதமரங்களே இரு கரையிலும் வேர்களைப் பரப்பி ஓங்கி நிற்கின்றன. முன்கூட்டியே பதிவு செய்திருந்த முகாமிடத்தை ஐந்து மணிக்கு அடைந்தோம். நிழலும் நீரும் நிறைந்த அழகிய இடம். ஆயினும் வண்டியை விட்டிறங்கியதும் நாங்கள் கண்டவை வேறு. வெறும் தண்ணீர்ப் போத்தல்கள், பிஸ்கட் உறைகள், கருகிய தகரங்கள், மரவேரிற் சிக்கிய பொலித்தீன் பைகள். எமக்கு முன் தங்கியோர் விட்டுச் சென்றவை அவை. சற்றுத் தூரத்திற் காய்ந்து கிடந்த யானைச் சாணத்தைப் பெரியவர் கோலால் கிளறினார். உள்ளே நீலநிறப் பொலித்தீன் துண்டு ஒன்று தெரிந்தது.

இது சிறிய செய்தியன்று. இதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு தேடிவந்து பிளாஸ்ரிக்கை விழுங்கிய யானைகள், எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 மாண்டதாக 2022 ஜனவரியிற் செய்திகள் வெளிவந்தன. உப்பும் எண்ணெயும் தோய்ந்த உறையின் மணம் யானைக்கு உணவின் மணமாகவே தோன்றுகின்றது. அது உறையோடு சேர்த்து விழுங்கிவிடுகின்றது.

பெரியவர் எவரையும் கடியவில்லை. வண்டியிலிருந்த சாக்கு ஒன்றை உதறி விரித்து, குனிந்து பொறுக்கத் தொடங்கினார். பேரனும் பேத்தியும் அவருடன் சேர்ந்தனர். பிறகு நாங்களும் சேர்ந்தோம். கூடாரம் எழுவதற்கு முன் சாக்கு நிறைந்துவிட்டது.

கூடாரமடிக்கும் இடத்தை அவரே தெரிந்தார். “விலங்கு தண்ணீருக்கு இறங்கும் தடத்தை மறிக்கக் கூடாது, பட்ட கிளையின் கீழ்ப் படுக்கக் கூடாது, உணவைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலைகள் உள்ள ஆறாதலின் ஆழத்தில் இறங்கவும் விடவில்லை. கரையோர மணலில் முழங்காலூன்றிக் கைகளால் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் நீர் சுரந்தது. முதலிற் சேறாக வந்ததை இறைத்தார். மறுபடி கலங்கலாக வந்ததையும் இறைத்தார். மூன்றாம் முறை ஊறிய நீரில் மருதமரத்தின் நிழல் தெரிந்தது. ஆறுகள் வற்றிய ஆண்டுகளில் யாத்திரிகர்கள் உயிர்தப்புவது இத்தகைய ஊற்றுகளாலேதான். அந்நீரை நன்றாகக் காய்ச்சித் தேநீர் வைத்தோம்.

“நாங்கள் போகும்போது இதை மூடிவிட வேண்டுமா, அம்மப்பா?” என்று கேட்டான் பேரன்.

“அடுப்பை மூடு, குழியை மூடு, குப்பையைக் கொண்டு போ. ஊற்றை மட்டும் விட்டுவிடு. பின்னால் வரும் சாமி யாரோ, அவருக்கு ஆகட்டும்.”

இருட்டியபின் விளக்கைத் தாழ்த்தி அமர்ந்திருந்தோம். கடலின் முழக்கம் காட்டுக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டு மணியளவில் எதிர்க்கரையிற் கிளை முறியும் ஒலி எழுந்தது. நிலவொளியில் கரும்பாறையொன்று அசைவது போல ஒற்றை யானை ஆற்றுக்கு இறங்கியது. பேரனின் கை மின்சூளைத் தேடியது. பெரியவர் அவன் கைமேல் தம் கையை வைத்தார். யானை நின்று நிதானமாக நீர் அருந்தியது. எங்கள் பக்கம் துதிக்கையை உயர்த்திக் காற்றை மோந்தது. பிறகு வந்த வழியே திரும்பிச் சென்றது. அது மறைந்து நெடுநேரம் சென்றும் ஒருவரும் பேசவில்லை.

மறுநாட் காலை ஊற்றைச் சுற்றி ஈரமணலிற் புள்ளிமான்களின் குளம்புச் சுவடுகள் பதிந்திருந்தன. எமக்குப் பின் வந்த சாமிகள் விடிவதற்கு முன்னரே வந்து சென்றுவிட்டன என்று பேத்தி சொன்னாள்.

குடும்பமாகச் செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். கிழக்குக் கரையில் மழையற்ற வைகாசி முதல் ஆவணி வரையிலான காலமே ஏற்றது. பறவைகளைக் காண வைகாசியும் ஆனியும் சிறந்தவை. பூங்காவினுள் முகாமிடுவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்னரே பதிவு செய்தல் வேண்டும். உள்வீதிகளுக்கு ஜீப் போன்ற உயர்ந்த வண்டியே பொருந்தும். மாலை ஆறு மணிக்குள் முகாமிடத்தை அடைந்துவிடுங்கள். குடிநீரைப் பெரிய கொள்கலன்களிற் கொண்டு செல்லுங்கள். சிறிய போத்தல்கள் வேண்டா. உணவை வாழையிலையிலும் பாத்திரத்திலும் கட்டிக் கொள்ளுங்கள். வெறும் சாக்குகள் இரண்டை எடுத்துச் செல்லவும் மறவாதீர்கள். ஒன்று உங்கள் குப்பைக்கு; மற்றையது உங்களுக்கு முன் வந்தோரின் குப்பைக்கு.